பாயில் கிடப்பவரும் பக்கத்தில் இருப்பவளும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். பண்டிதர் என்றதும் பூர்வ பௌத்தம் நினைவுக்கு வரும். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ நினைவுக்கு வரும். அவர் சோற்றுக்குச் செய்த தொழில் சித்த வைத்தியம் என்பதை மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். வரலாற்றைத் திருப்பி எழுதிய அதே கைதான் நோயாளியின் நாடியையும் பிடித்தது. அந்த வைத்தியரின் பக்கத்தில் நின்று பேசலாம் என்றுதான் இந்தப் பொருளை எடுத்தேன். அமைப்பாளர்கள் தலைப்பு கேட்டபோது, “வீட்டோடு கிடக்கிற கிழவர் கிழவிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ள அரசாங்கம் பணம் தரவேண்டும் என்பதைப் பற்றி” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “தோழர், இது இலக்கியக் கூட்டம்...” என்று இழுத்தார்கள். சரி, இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதில் வரும் ஆரோக்கியத்தை இங்கே பலருக்குத் தெரியும். காலனி மக்களுக்குத் துணி வெளுக்கிற வண்ணாத்தி. பிள்ளைப்பேறு என்றால் அவள் வேண்டும், சாவு என்றால் அவள் வேண்டும், தீட்டுத் துணிக்கு அவள் வேண்டும். களத்தில் கொஞ்சம் தானியம், ராத்திரியில் வீடு வீடாக எடுக்கிற சோறு, அதுதான் அவளுக்கு வரும்படி. நாவல் வந்தபோது நம்மவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அதை இப்போது கிளறவில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். ஆரோக்கியம் செய்வதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. அது அவள் பிறப்போடு வந்த கடமை. அதனால் அவளுக்குக் கிடைப்பதும் கூலி இல்லை, மனசு வைத்துப் போடுவது. வேலையைக் கடமை என்று பெயர் மாற்றிவிட்டால் கூலியைக் கருணை என்று பெயர் மாற்றிவிடலாம். சாதி இந்த ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை நூற்றாண்டுகள் ஓட்டியிருக்கிறது. இன்று வீட்டில் படுத்துக் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் அரசாங்கம் நடந்துகொள்வதும் இதே தந்திரம்தான்.

முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது 1962 ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது. மாதம் 20 ரூபாய். படிப்படியாக ஏறி 2011இல் 1,000 ரூபாய் ஆனது. அந்த ஆயிரம் அப்படியே பன்னிரண்டு வருஷம் நின்று, 2023இல் 1,200 ஆனது. ஒன்றிய அரசின் திட்டம் 1995 ஆகஸ்ட் 15இல் 75 ரூபாயோடு வந்தது. இப்போது 60 முதல் 79 வயதுவரை உள்ளவர்களுக்கு டில்லி தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 80ஐத் தாண்டினால் 500. இந்த 200 ரூபாய் 2007லிருந்து ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அன்று அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ பருப்பு வாங்கினோம், இன்று எத்தனை என்று பின்வரிசை அம்மாக்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தொகை சிறியது என்று புலம்பவில்லை. அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பாருங்கள். விண்ணப்பம் கொண்டுபோனால் முதலில் கேட்கப்படுவது, “பையன் இருக்கானா?” இருக்கிறான் என்றால் முகம் மாறும். பையன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறான் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்காது. இந்தத் தொகை ஆதரவற்றவர்களுக்கான தர்மமாகப் பிறந்தது. யாரும் இல்லாதவருக்குத்தான் அரசு, ஒருத்தர் இருந்தாலும் அவர் பாடு என்கிற கணக்கு அதன் அடியில் இருக்கிறது.

இந்தக் கணக்கைச் சட்டமாகவே 2007இல் எழுதினார்கள், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்று. பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் வாங்கலாம். 23ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கலாம். நல்ல சட்டம்தான், யாருக்கு என்றால் எழுதிக்கொடுக்கச் சொத்து வைத்திருப்பவருக்கு. நம் கிழவிக்குத் திரும்ப வாங்க என்ன இருக்கிறது? இரண்டு சென்ட் நத்தம் புறம்போக்கு, அதற்கும் பட்டா வந்ததோ இல்லையோ. பத்தாயிரம் கேட்டு வழக்குப் போட்டால் அந்தப் பையனின் ஒரு மாசக் கூலியே அதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இதே சட்டத்தின் 19ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு, அரசு அமைக்கலாம் என்கிறது. பிள்ளைகளுக்கு ‘வேண்டும்’, அரசுக்கு ‘லாம்’. சட்டம் படிக்கிற தம்பிகள் இந்த வினைமுற்று வித்தியாசத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

குடும்பத்தின் மேல் மட்டும் பாரத்தை ஏற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்குத் தென்மாவட்டங்களில் ஒரு சொல் இருக்கிறது, தலைக்கூத்தல். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துப் படுக்கப்போடுவது. ரெண்டொரு நாளில் காய்ச்சல் வந்து கதை முடிந்துவிடும். ‘பாரம்’ என்று இதைப் பற்றி ஒரு படம் வந்து, 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளைத் திட்டினார்கள். திட்டவேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டுக்கு வாரம் ஒரு நர்ஸ் வந்திருந்தால், பகலில் நாலு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்திருப்பார்களா என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். இப்போது அது இன்னும் கூடியிருக்கும், இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து மூப்பு கூடிய மாநிலம் நம்முடையது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். நிலம் இல்லாததால் பிழைப்பு வெளியூரில். செங்கம், தண்டராம்பட்டு பக்கம் போய்ப் பாருங்கள், வாரக் கடைசியில் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்குகிற சித்தாள்களும் மேஸ்திரிகளும் நம் பிள்ளைகள்தான். ஜவ்வாது மலையிலிருந்து மரம் வெட்டப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் தெரிந்தது. இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அதில் நம் மாவட்டத்தவர்களும் உண்டு. ஊரில் மிச்சம் இருப்பது கிழடுகளும் குழந்தைகளும். நம் காலனிகளில் பகல் நேரத்து நிசப்தம் என்பது அதுதான்.

இதில் இன்னொரு கொடுமை, நம் ஆட்கள் அறுபதுவரை காத்திருப்பதில்லை. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது மேல்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்கிறது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் நடவிலும் ஓடிய உடம்புக்கு ஐம்பதிலேயே முட்டி போய்விடுகிறது, இடுப்பு போய்விடுகிறது. பேங்க் மிஷினில் வைத்தால் ரேகை விழுவதில்லை, விரல் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. வயதை வைத்து அளக்கிற அளவுகோல் எதுவும் நம்மைக் குறைத்துத்தான் காட்டும். ஆகவே நாம் கேட்பது வயதை வைத்து இல்லாமல் தேவையை வைத்து இருக்கவேண்டும். தானாக எழுந்து கொல்லைக்குப் போக முடிகிறதா, கையால் எடுத்துச் சாப்பிட முடிகிறதா, புரண்டு படுக்க முடிகிறதா? நாற்பது வயதோ எண்பது வயதோ, கேள்வி இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெங்களூரில் கணவனோடு சித்தாள் வேலை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். வந்து நாலு வருஷம் ஆகிறது. மாமியாருக்கு வரும் உதவித்தொகை, நூறு நாள் வேலை கிடைக்கும் நாளில் அது, கணவன் அனுப்புவது, இதில் ஓடுகிறது. ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது சர்வசாதாரணமாகச் சொன்னாள்: “வேலைக்குப் போற அன்னிக்கி காலையில அத்தைக்குத் தண்ணி கொறச்சித்தான் குடுப்பன். நெறைய குடிச்சா நனைச்சிக்கும், நான் வர்ற வரைக்கும் ஈரத்துலயே கெடக்கும், புண்ணாயிடும்.” அவள் அந்தக் கிழவியை அவ்வளவு நன்றாக வைத்திருக்கிறாள். தலை சிக்கில்லாமல் வாரியிருக்கும். ஆனாலும் தண்ணீரை அளந்துதான் கொடுக்கவேண்டியிருக்கிறது. டயப்பர் ஒன்று முப்பது ரூபாய் என்று வையுங்கள், நாளுக்கு மூன்று. மாதம் 2,700 ரூபாய். உதவித்தொகை 1,200. தண்ணீரைத்தான் குறைக்க முடியும்.

அவள் இழந்த கூலியை யாரும் எழுதிவைப்பதில்லை. நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஏரியில் மண் அள்ளினால் அது வேலை, மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணுக்கு மருந்து போட்டால் அது குடும்பம். மண்ணைவிட மனுஷி கனம் குறைவா என்ன?

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நான் வரவேற்கிறவன். அதன் பெயரில் இருக்கும் ‘உரிமை’ என்ற சொல் லேசானதில்லை. வீட்டில் பெண் செய்வதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்திருப்பவளுக்கும் அப்படி யாரும் இல்லாதவளுக்கும் அதே ஆயிரம்தான்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, வீட்டிலும் சமூகத்திலும் வாழ்வதற்கான உதவியை, தனி உதவியாளர் உட்பட, கேட்கும் வழியைத் திறக்கிறது. 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தருவதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக உதவித்தொகை தரவேண்டும் என்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாகத் தரும் தொகை 2023 ஜனவரியில் 1,500 ஆனது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருவது 2,000. அதிக உதவி தேவைப்படும் சில வகையினரின் பராமரிப்பாளருக்கு 1,000 ரூபாய் என்பதும் வந்திருக்கிறது. கதவு திறந்துவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் கூடவே இருப்பதற்கு 1,000 என்றால் நாளுக்கு 33 ரூபாய். டீயும் பன்னும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள், இயன்முறை சிகிச்சை, நோய் ஆதரவு சிகிச்சை எல்லாம் அதில் இருக்கின்றன. ஐ.நா. விருதும் 2024இல் கிடைத்தது. உண்மையில் பெரிய காரியம். அரசாங்கம் வீட்டு வாசலுக்கு வரமுடியும் என்று காட்டியது. குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடவேண்டும். ஆனால் நோய் ஆதரவுச் செவிலியர் ஒன்றியத்துக்கு ஒருவர். இயன்முறை சிகிச்சையாளர் ஒன்றியத்துக்கு ஒருவர். நம் மாவட்டத்தில் ஒன்றியங்கள் 18, ஊராட்சிகள் 860. ஒரு செவிலியருக்குச் சராசரியாக 48 ஊராட்சி விழும். ஊராட்சி ஒன்றுக்குள் எத்தனை குக்கிராமம், அதில் எத்தனை காலனி, ஜவ்வாது மலை ஒன்றியமாக இருந்தால் எத்தனை மேடு பள்ளம்! அந்தச் செவிலியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவை வருவதே பெரிது. படுக்கைப்புண் மாதத்துக்கு ஒரு தடவை வருவதில்லை.

வாசலுக்கு வரும் சுகாதாரப் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயர் தன்னார்வலர். அவர்களுக்குத் தருவதன் பெயர் ஊக்கத்தொகை. சத்துணவு, அங்கன்வாடி, ஆஷா என்று எங்கே பார்த்தாலும் இந்தச் சொற்கள்: மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஊக்கத்தொகை. சம்பளம் என்ற ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது இத்தனை சொல் எதற்கு? ஆரோக்கியத்துக்குப் போட்ட ராச்சோறு நினைவுக்கு வரவில்லையா?

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. பெயர்க் காரணம் தெரியும்தானே? திருச்சியில் நிறைமாதப் பெண்ணின் தாய் காவிரி வெள்ளத்தால் வரமுடியாமல் போக, சிவனே தாய் வேடத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. உதவிக்கு ஆள் என்றால் கடவுள்கூடப் பெண் வேஷம் போட்டுத்தான் வரவேண்டியிருந்தது. போகட்டும், அரிசி வந்துவிட்டது. அதைப் பொங்கி ஊட்டுகிற கை இன்னும் வரவில்லை.

இன்னொரு பக்கம் மருத்துவமனைப் படுக்கைக்கு அரசிடம் பணம் இருக்கிறது. 2009 முதல் மாநிலக் காப்பீடு. 2024 அக்டோபரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம்வரை ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் காப்பீடு. அதெல்லாம் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். பெரும்பகுதிப் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகிறது. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் உண்டு. தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலையில் அவரைத் தூக்கி உட்காரவைக்கப் பணம் இல்லை. தூக்காததால் புண் வந்து திரும்பவும் சேர்த்தால் மறுபடி பணம் உண்டு.

வெளிநாடுகளில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் நமக்கு இரண்டு கதை உதவும். பிரிட்டனில் வீட்டில் பராமரிப்பவருக்கான படி 1976இல் வந்தது. அதில் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தன் தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் 1986இல் ஜெயித்தார். அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தினார்கள். தென்மாநிலங்களில் அந்த இரண்டு வேலையையும் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1974இல் வீட்டு வேலைக்காரர்களைச் சட்டத்துக்குள் சேர்த்தபோதும், முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களை ‘துணைக்கு இருப்பவர்கள்’ என்று பெயரிட்டு மறுபடி வெளியே தள்ளினார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த எவலின் கோக் என்ற பராமரிப்புத் தொழிலாளி கூடுதல் நேரக் கூலி கேட்டு உச்சநீதிமன்றம்வரை போய் 2007இல் தோற்றார். 2015இல்தான் விதி மாறியது. அந்த விதியையும் திரும்பப் பெறலாம் என்று 2025இல் அங்குள்ள தொழிலாளர் துறை முன்மொழிந்தது. சாதி என்ற சொல் இல்லாத ஊரில்கூட யார் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வேலைக்கு விலை வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் கேரளம். கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்களும் ஊர்க்காரர்களும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் 2008இல் மாநிலக் கொள்கையானது. உள்ளாட்சிப் பணத்தில் ஒரு செவிலியர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டமும் இருக்கிறது. அந்த 600 ரூபாய் மாதக்கணக்கில் பாக்கி விழுந்த செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவரவில்லை. ஆனால் பராமரிப்பு பஞ்சாயத்தின் வேலை, அதற்குப் பஞ்சாயத்துப் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கவேண்டும் என்பதை அங்கே விவாதித்து முடித்துவிட்டார்கள். இங்கே இன்னும் தொடங்கவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 860 ஊராட்சிக்கும் ஊராட்சிக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர் ஒருவரை மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால், மாவட்டத்துக்கு மாதம் 1 கோடியே 29 லட்சம், ஆண்டுக்குப் பதினைந்தரைக் கோடி. ஒரு மாவட்டத்துக்கு, ஓர் ஆண்டுக்கு. இதை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் வழி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் தமிழ்நாட்டில் 2024இல் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கவேண்டும், நமக்கே நேரடியாகப் பயன்படும்படி செலவழிக்கவேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் கேட்டு வாங்கிய சட்டம். பொதுத் திட்டத்தில் நம் பங்கு என்று காகிதத்தில் எழுதிக் கணக்கு முடிக்கிற பழக்கத்தை விட்டு, காலனிகளில் இந்த வேலையிலிருந்து தொடங்கச் சொல்வோம். பிறகு எல்லாத் தெருவுக்கும் போகட்டும். பராமரிப்பு நமக்கு மட்டும் வேண்டியதில்லை, எல்லாருக்கும் வேண்டியது.

இங்கே ஒரு கேள்வி எழும் என்று தெரியும். ஒரு தங்கை முன்பே என்னிடம் கேட்டுவிட்டார்: “அண்ணா, கடைசியில அரசாங்கமே காசு குடுத்து நம்ம பொண்ணுங்கள பீ மூத்திரம் அள்ள வெக்கிற திட்டமா இது?” கோபம் நியாயம். டவுனில் வசதியான வீடுகளில் படுத்துக் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெண்கள் எந்தத் தெருவிலிருந்து போகிறார்கள்? அடுப்படிக்குள் விடமாட்டார்கள், ஆனால் அய்யாவின் கோவணத்தை மாற்றலாம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் குழியில் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். துப்புரவில் நமக்கு யாரும் போட்டியில்லாத இடஒதுக்கீடு. பராமரிப்பும் அப்படி ஆகிவிடக்கூடாது.

அதற்காகத்தான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த வேலை இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, கையுறை இல்லாமல், கூலி இல்லாமல், முதுகு பிடித்துக்கொண்டு. அரசு ஊழியத்தின் தகுதியோடு, பயிற்சிச் சான்றோடு, காப்பீட்டோடு, எல்லாச் சாதியிலிருந்தும் ஆண்களும் பெண்களுமாக ஆள் எடுக்கும் வேலையாக அது மாறட்டும். ஊர்த் தெருப் பிள்ளை காலனி வீட்டுப் படியேறி ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்கவைக்கட்டும், காலனிப் பிள்ளை ஊர்த்தெருவில் நடுவீடுவரை போகட்டும். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30ஆம் தேதி முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு போகவேண்டியிருந்தது. அந்த ஒரு நாளைக்கே எவ்வளவு பகை! அப்படிப்பட்ட ஊர்களில் இது சுலபமாக நடக்கும் என்று சொல்லமாட்டேன். வாசலில் நின்று மாத்திரையை நீட்டுவதற்கும் உள்ளே வந்து தொட்டுப் பார்ப்பதற்கும் பதிவேட்டில் ஒரே டிக்தான். ஆகவே கண்காணிப்பு ஊராட்சித் தலைவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது. பராமரிப்பு பெறுகிற குடும்பங்களின் குழு ஒன்று வேண்டும்.

பராமரிப்பது குடும்பத்தார் என்றால் அவர்களுக்கே கூலி வரவேண்டும், அதுவும் கிடப்பவரின் உதவித்தொகையில் கைவைக்காமல் தனியாக. மகனோ பேரனோ பார்த்துக்கொண்டால் அவனுக்கும் தரட்டும். பணம் வந்தால் ஆண்களும் கட்டிலோரம் வருவார்களா என்று பார்ப்போமே. தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவலாகக் கிடைக்கவேண்டும், உயிர் போன பிறகு அடுத்த வீட்டுக்குப் போகட்டும். மாதத்தில் நாலு நாளாவது பராமரிப்பவருக்கு ஓய்வு, அந்த நாளுக்கு மாற்று ஆள். இதில் எதுவும் ஆடம்பரமில்லை.

பாபாசாகேப் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு சலுகைச் சட்டமுன்வடிவின்மேல் பேசினார். பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வுக் காலக் கூலி தரும் பாரத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். மக்களின் நலனைக் காப்பது முதலில் அரசின் பொறுப்பு என்று காரணமும் சொன்னார். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில், காப்பீடு முழுக்க அரசின் கையில் இருக்கவேண்டும், ஒவ்வொருவருக்கும் அது கட்டாயமாக இருக்கவேண்டும் என்று எழுதினார். அரசமைப்பில் 41ஆம் உறுப்பு முதுமையிலும் நோயிலும் உடல் ஊனத்திலும் அரசின் உதவி பெறுவதைப் பேசுகிறது, ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்ற ஒரு தொடரோடு. எழுபத்தைந்து வருஷமாக அந்தத் தொடருக்குப் பின்னால்தான் எல்லா அரசுகளும் ஒளிந்துகொள்கின்றன.

நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாமாவின் ‘சங்கதி’யில் வரும் பாட்டி பிரசவம் பார்ப்பார், கதை சொல்வார், பேத்திக்கு உலகத்தைக் காட்டுவார். நம் கதைகளில் பாட்டிகள் நிறைய. பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு அவளைத் தூக்கி உட்காரவைத்தவள் யார் என்ற கதையைத்தான் நாம் அதிகம் எழுதவில்லை. கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரும் நடந்து வாருங்கள். அன்னதானத்துக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்களிடம் சாமியாரா என்று கேட்காமல் எந்த ஊர், வீட்டில் யார் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் துறந்து வந்தவர்கள். சிலர் துறக்கப்பட்டவர்கள். அவர்களை எழுதுங்கள்.

நவம்பர் 1 கிராம சபை வருகிறது. வாசலில் மேசைமேல் ஒரு தீர்மான வரைவு வைத்திருக்கிறோம், ஒரே பக்கம்தான். உங்கள் ஊராட்சியில் எழுந்து உட்கார முடியாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் யார், அதற்காக என்ன வேலையை விட்டார்கள் என்று எழுத மூன்று கட்டம் போட்டிருக்கிறது. அந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்தில் அதையே மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு எழுதிக்கொடுக்க மூன்று தம்பிகள் மேசையருகே இருக்கிறார்கள். போகும்போது ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.